ஈசானியத்தில் மண்

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் அக்காவின் கட்டிலுக்குப் பின்னால் சுவர் ஈரமாக இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். ஐஸ் பெட்டியைத் தொட்டதுபோல் இருந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. குழந்தையின் துணிகளை மட்டும் அந்தப் பக்கத்துக் கொடியிலிருந்து எடுத்து வாசல் பக்கக் கொடியில் போட்டேன்.

நாங்கள் இருப்பது தணிகாசலம் ஐயா வீட்டின் கீழ் அறை. வீடு கட்டும்போது கார் நிறுத்துவதற்காகத் தரைக்குக் கீழே தோண்டினார்களாம். சரிவு செங்குத்தாகப் போய்விட்டதால் இறக்கிய கார் ஏற மாட்டேன் என்றதாம். அதனால் சரிவை மூடிப் படி கட்டிப் பழைய சாமான் போட்டு வைத்தார்கள். அம்மா இங்கே சமையலுக்குச் சேர்ந்ததும் சாமானை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு எங்களுக்குக் கொடுத்தார்கள். வெளிச்சத்துக்கு இரண்டு வெண்டிலேட்டர் உண்டு. உள்ளே நின்றால் அவை என் தலைக்கு மேல் இருக்கும். வெளியே போய்ப் பார்த்தால் தரையோடு தரையாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பூனை அதன் வழியாக என்னைக் குனிந்து பார்க்கும்.

அக்காவுக்கு ஆபரேஷன் செய்துதான் குழந்தை பிறந்தது. எடை ரொம்பக் குறைவு. "ஈரமே ஆகாது. சளி பிடிச்சா இந்த உடம்பு தாங்காது" என்று நர்ஸ் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். மாமா லாரியோடு வடக்கே போயிருக்கிறார். அப்பா இல்லை. அதனால் அக்காவும் குழந்தையும் இங்கேதான்.

மழைக்காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

சுவரில் விரிசல் இருக்கிறது. கடையில் வெள்ளை சிமெண்ட் வாங்கிவந்து பழைய கரண்டியால் அப்பினேன்.

"ஏண்டி, பொண்ணு பாக்க வராங்களா? சுவத்துக்குப் பவுடர் போடுற" என்றாள் அக்கா.

நான் பேசாவிட்டால் அவள் இன்னும் பேசுவாள். "கடைக்காரன்கிட்ட எப்படிக் கேட்ட? கையைக் காட்டினியா, படம் வரைஞ்சியா?"

உண்மையில் பழைய சிமெண்ட் கவரைக் கொண்டுபோய்க் காட்டித்தான் வாங்கினேன்.

சாயங்காலம் பார்த்தால் பூசியதெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிட்டது. உள்ளே பூசினால் நிற்காது போலிருக்கிறது. தண்ணீர் வெளியேயிருந்து தள்ளுகிறது.

நவம்பர் 12, புதன்

மதியம் நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு வெளியே போய்த் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தேன். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. எல்லாத் தண்ணீரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. கேட்டிலிருந்து, கிணற்றடியிலிருந்து, மொட்டை மாடிக் குழாயிலிருந்து, எல்லாம் வடகிழக்கு மூலைக்கு ஓடிவந்து அங்கே தேங்குகிறது. எங்கள் வெண்டிலேட்டர்கள் இருப்பது அந்த மூலையில்தான்.

முன்னே இப்படி இல்லை. அப்போது அந்த மூலை மேடு. மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓடிவிடும். போன வருஷம் ஐயாவுக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வாஸ்து பார்ப்பவரை அழைத்தார்கள். ஈசானிய மூலை மேடாக இருந்தால் வீட்டுத் தலைவரின் உயிருக்கு ஆகாது, அங்கே பாரமே வைக்கக் கூடாது, அது பள்ளமாக இருக்க வேண்டும், தென்மேற்கில் கன்னி மூலைதான் உயரமாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். ஆள் வைத்து ஈசானியத்து மண்ணை வெட்டிக் கன்னி மூலையில் கொட்டினார்கள். அந்த மேட்டில் இப்போது வாழை நிற்கிறது. அதற்குப் பிறகு ஐயாவுக்கு ஒன்றும் வரவில்லை. தினமும் விடியற்காலையில் ஈசானியத்தில் நின்று சூரியனைக் கும்பிட்டுவிட்டுத்தான் நடக்கப் போவார்.

அப்படியென்றால் அந்த மண்ணில்தான் ஐயாவின் உயிர் இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

குழந்தை இருமியது.

நவம்பர் 14, வெள்ளி

வெண்டிலேட்டருக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் வைத்து ஆணியடித்தேன். மழை வந்ததும் அது கர்ப்பிணி வயிறு மாதிரி உப்பிக்கொண்டே வந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பூரணி, அது என்னைவிடப் பெருசாயிட்டு வருதுடி" என்று சிரிக்கத் தொடங்கினாள். சிரித்தால் தையல் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்போது தாள் கிழிந்தது. தண்ணீர் அப்படியே கொட்டியது. கட்டில் கால் நனைந்தது. தொட்டில் துணியின் ஓரமும் நனைந்தது. அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுக் குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

துடைத்துப் பிழிந்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அம்மா மேலே போய்க் கேட்டாள். நான் பின்கட்டு வாசலில் நின்று கேட்டேன். நான் நிற்பது யாருக்கும் தெரியாது.

"அம்மா, அந்த மூலையில கொஞ்சம் மண்ணு மட்டும் அணைச்சுக்கலாமான்னு கேக்கலாம்னு..."

ஐயாவின் மனைவி மரகதம்மாவின் குரல் உடனே உயர்ந்தது. "தெய்வானை! தெரிஞ்சுதான் பேசறியா? ஈசானியத்துல மண்ணா? இந்த மனுஷன் இப்பதான் நல்லா நடமாடறாரு."

"மூட்டைகூட வேணாம்மா. ஒரு வரி செங்கல்..."

"செங்கல் மட்டும் பாரம் இல்லையா?"

ஐயா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. "தண்ணி ஈசானியத்துக்கு வர்றது நல்லதும்மா. வரவுன்னு சொல்லுவாங்க" என்றார்.

"வரவு எங்க வீட்டுக்குள்ள வருதுங்க ஐயா" என்றாள் அம்மா.

பிறகு மரகதம்மா அழுகிற மாதிரிச் சொன்னார்: "வேற என்ன வேணாலும் கேளு. பழைய போர்வை தரேன், ஹீட்டர் தரேன். அதை மட்டும் கேக்காத."

ஹீட்டர் கொடுத்தார்கள். ஈரத்தில் அதைப் போட அம்மாவுக்குப் பயம்.

நவம்பர் 15, சனி

இருமல் அதிகம். பால் குடித்ததைக் கக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்து, "வச்சிருக்கிற இடம் காய்ஞ்சிருக்கணும். அதுதான் முக்கியம்" என்றார்கள். அக்கா தலையை ஆட்டினாள். வேறு எங்கே போவது என்று அவர்கள் சொல்லவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. பேசத்தான் எனக்கு வராது. எழுதினால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. பத்தாவது முடிக்காமல் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன். அம்மாவுக்குத் துணை வேண்டும் என்பதற்காக. அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறோம்.

ஐயாவும் மரகதம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் அரிசிச் சாக்குகளை எடுத்துக்கொண்டு கன்னி மூலைக்குப் போனேன். மண் எடுக்க வேறு இடம் இல்லை. வாழைக்குப் பின்னால் வெட்டி, பாதிச் சாக்கு நிரப்பி, இழுத்துக்கொண்டு வந்து வெண்டிலேட்டருக்கு முன்னால் அடுக்கினேன். உயரமாக இருக்க வேண்டிய இடத்திலிருந்து எடுத்து, பள்ளமாக இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் தப்பு. மறைப்பதற்குக் குரோட்டன்ஸ் தொட்டிகளை முன்னால் நகர்த்தினேன். அதுவும் பாரம்தான்.

கடைசி மூட்டையை வைத்தபோது, "ஐயாவுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, எனக்கு ஆகட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

நவம்பர் 17, திங்கள்

காலையிலிருந்து மழை. அறைக்குள் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. தண்ணீர் மூட்டை வரைக்கும் வந்து, நின்று, சுற்றிக்கொண்டு கேட் பக்கம் போனது. அக்கா, "வருண பகவானுக்கு இன்னிக்கு லீவா?" என்றாள். குழந்தை நன்றாகத் தூங்கியது.

நான் மேலே போய்ப் பாத்திரம் துலக்கும்போது ஐயாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோசை சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். ஏப்பம் விட்டபோது என் கையிலிருந்து தட்டு விழுந்துவிட்டது.

"மெதுவாம்மா" என்றார்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று ஐயா எங்கள் அறைக்கு வந்தார். இதுவரை வந்ததே இல்லை. படியில் பாதிவரை இறங்கி, தலை இடிக்காமல் குனிந்து நின்றார். அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள்.

"இரும்மா, இரு. குழந்தை இருமுற சத்தம் மேல வரைக்கும் கேக்குது. அதான்."

"ஒரு வாரமாங்க ஐயா. இன்னிக்குத் தேவலை."

சுவரைப் பார்த்தார். கீழ்ப்பாதி முழுக்க நிறம் மாறிப் பூசணம் பூத்திருக்கிறது. வெண்டிலேட்டரை நிமிர்ந்து பார்த்தார். அங்கே வெளிச்சத்துக்குப் பதில் சாக்குத்தான் தெரிந்தது. பிறகு குழந்தையை எட்டிப் பார்த்து, "உள்ளங்கை அளவுதான் இருக்கு" என்றார். ஏறிப் போய்விட்டார்.

பார்த்துவிட்டாரா, பார்க்கவில்லையா? ராத்திரி சாப்பிட முடியவில்லை.

நவம்பர் 19, புதன்

மூட்டைகள் நான் வைத்த மாதிரி இல்லை. முன்னால் ஈர மண் குவித்து, கரை மாதிரிச் சரித்து, தட்டித் தட்டி வழவழப்பாக்கியிருக்கிறது. தொட்டிகள் மறுபடி சரியாக அடுக்கியிருக்கின்றன. அம்மா செய்திருப்பாள். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் நான் வைத்தது தெரிந்துவிடும்.

மண்வெட்டியை யாரோ கழுவாமல் சாய்த்து வைத்திருந்தார்கள். கழுவி வைத்தேன். ஐயாவின் செருப்பும் சேறாகக் கிடந்தது. அதையும் கழுவினேன். நடக்கிற பாதை முழுக்கச் சேறு போலிருக்கிறது. உள்ளங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். "ரோஜா முள்ளு" என்று மரகதம்மாவிடம் சொன்னார். அவர் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தது பார்க்கப் பாவமாக இருந்தது.

அறை காய்ந்து வருகிறது. குழந்தை இன்று இரண்டு தரம்தான் இருமியது.

நவம்பர் 20, வியாழன்

ஐயாவுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது.

இட்லி சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே மேஜையில் சாய்ந்தார். அம்மா கத்திய சத்தம் கீழே கேட்டது. நான் மேலே ஓடினேன். மரகதம்மா அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு, "ஏங்க, ஏங்க" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சர் திரும்புவதற்கு இடம் போதாமல் ஆட்கள் தொட்டிகளைக் காலால் தள்ளினார்கள். மரகதம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"ஐயோ! ஈசானியத்துல யாரு மண்ணைக் கொட்டினது? யாருடி இது?"

அம்மா திகைத்து நின்றாள். "சத்தியமா நான் இல்லம்மா. என் பேத்தி மேல சத்தியம்."

மரகதம்மா என்னைப் பார்க்கவேயில்லை. என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. வண்டி போய்விட்டது.

அப்புறம் அறையில் அம்மா எங்களைப் பார்த்து, "யாரு செஞ்சது?" என்றாள்.

"நான் எழுந்து நிக்கவே முடியல, நானாம்மா போய் மண்ணு சுமந்தேன்?" என்றாள் அக்கா.

நான் குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே மடித்த துணி.

நவம்பர் 21, வெள்ளி

விடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மூட்டைகளை இழுத்துக்கொண்டு போய்க் கன்னி மூலையில் கொட்டினேன். குவித்த மண்ணையும் வெட்டி எடுத்தேன். அடியில் செங்கல் ஒரு வரிசையாகப் பதித்திருந்தது. அது நான் வைத்தது இல்லை. அதையும் பெயர்த்தேன். முன்பிருந்த பள்ளத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகவே தோண்டினேன். அப்படியாவது சரியாகட்டும்.

மத்தியானம் மரகதம்மா போன் செய்தார். ஐயா கண் விழித்துவிட்டார், பேசுகிறார் என்றார்.

மண்ணை எடுத்ததும் கண் விழித்திருக்கிறார்.

வானம் கறுத்து வருகிறது.

நவம்பர் 22, சனி

இன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். இல்லாவிட்டால் கை ஓடாது.

காலையில் அம்மா ஐயாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மேல் வீடு பூட்டியிருந்தது. சாவி மரகதம்மாவிடம். பக்கத்து வீட்டுக்காரர்கள் மழை எச்சரிக்கை கேட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அம்மா போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. எதிர் வீடு தெரியவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர், பஸ் இல்லை என்று அம்மா அங்கே யாருடைய போனிலிருந்தோ பேசினாள். "கதவைச் சாத்திக்கிட்டு இருங்க, நின்னதும் வந்துடறேன்" என்றாள்.

படியின் மேல் முனையில் செங்கல் தடுப்பு கட்டியிருப்பதால் அந்த வழியாகத் தண்ணீர் வரவில்லை. வெண்டிலேட்டர் வழியாக வந்தது. முதலில் சுவரில் கோடாக இறங்கியது. பிறகு குழாய் திறந்த மாதிரி. நான் தோண்டிய பள்ளத்தில் நிரம்பி, அங்கிருந்து நேராக உள்ளே. வாளியில் பிடித்துப் பிடித்துப் படியேறி ஊற்றினேன். ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் தரையில் தண்ணீர் படர்ந்துவிடும். அக்கா குழந்தையைச் சேலைக்குள் சுற்றிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மறுபடி இருமத் தொடங்கியது.

"அங்க இருந்த மூட்டை எங்கடி? அன்னிக்கெல்லாம் வரலையே?"

நான் வாளியை எடுத்தேன்.

"பூரணி! உன்னத்தான். வச்சது நீதானே?"

தலையை ஆட்டினேன்.

"எடுத்ததும் நீயா? திரும்ப வைடி! போய் வை!"

"மாட்டேன்."

அக்கா என்னையே பார்த்தாள். அவளிடம் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை.

"ஐயா செத்துடுவாரு" என்றேன்.

"இவ செத்துடுவா" என்றாள் அக்கா, சேலையை விலக்கிக் காட்டி. குழந்தையின் உதடு நிறம் மாறியிருந்தது. அல்லது இருட்டில் எனக்கு அப்படித் தெரிந்தது.

மேலே போர்டிகோவுக்குக் கூட்டிப் போகலாம் என்று பார்த்தேன். காற்று மழையைப் போர்டிகோ சுவர் வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே நிற்பதைவிட இங்கே இருக்கலாம். திரும்பி வந்து அக்காவின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதைச் செய்தாலும் ஒருவர் போய்விடுவார், அதை நான்தான் செய்திருப்பேன். வேறு எதுவும் யோசிக்க முடியவில்லை.

"அப்ப அவரையே கேளு" என்றாள் அக்கா. போனை எடுத்து மரகதம்மா நம்பரைப் போட்டு என் காதில் வைத்து அழுத்தினாள். "நான் பேச மாட்டேன். நீதான் வச்ச, நீதான் எடுத்த. நீதான் கேக்கணும்."

மணி அடித்தது. மரகதம்மா எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எடுத்தது ஐயா.

"யாரு?"

போனை நானே பிடித்துக்கொண்டேன்.

"மரகதம் மருந்து வாங்கக் கீழ போயிருக்கா. யாரு பேசறது?"

"நான்... பூரணிங்க ஐயா."

"பூரணியா? அட, நீ பேசுவியா?"

"தண்ணி உள்ள வருதுங்க ஐயா."

"எந்த வழியா?"

"வெண்டிலேட்டர் வழியா."

"அது எப்படி வரும்? செங்கல் பதிச்சு மண்ணைப் போட்டு அடிச்சு வச்சிருக்கேனே."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது உட்கார்ந்துவிட்டேன், தண்ணீரிலேயே.

"நான் எடுத்துட்டேங்க ஐயா. எல்லாத்தையும். மூட்டை வச்சது நான்தான். அதனாலதான் உங்களுக்கு வலி வந்துச்சு."

ஐயா மூச்சு விடும் சத்தம் கேட்டது. பக்கத்தில் ஏதோ மெஷின் விட்டு விட்டுக் கூவியது.

"மூட்டை உன் வேலைன்னு எனக்குத் தெரியும். சும்மா கெடந்தா சரிஞ்சுடுமேன்னு நான் மண்ணு போட்டேன். டாக்டர் மண்வெட்டியைத் திட்டறாரு. எங்க வீட்ல ஈசானியத்தைத் திட்டறா. எனக்கு எதுன்னு தெரியலம்மா."

"திரும்ப வைக்கட்டுமாங்க ஐயா?"

நான் காத்திருந்தேன். அக்காவும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த நேரத்தில் அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"குழந்தை எங்க இருக்கு?"

"அக்கா மடியில. கட்டில் மேல."

"மெயினை அணைச்சியா?"

"இல்லைங்க."

"முதல்ல அதை அணை. கை காய்ஞ்சிருக்கணும், காலுல செருப்பு இருக்கணும். அப்புறம் போய் வை."

"ஐயா, உங்களுக்கு..."

"வைம்மா. நல்லா அழுத்தி வை. மரகதம் வர்றா, நானும் வைக்கறேன்."

போன் நின்றுவிட்டது.

மீட்டர் பெட்டி படிக்கு மேலே இருக்கிறது. துடைத்த கையோடு மெயினை அணைத்தேன். கன்னி மூலைக்கு ஓடினேன். மண் குழைந்து மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டது. சாக்கில் கையாலேயே அள்ளிப் போட்டேன். நனைந்த மூட்டை இரண்டு மடங்கு கனம். இழுக்கும்போது வழுக்கி விழுந்தேன். ஒவ்வொரு மூட்டையையும் வைத்து ஏறி மிதித்தேன். மிதிக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஐயாவின் நெஞ்சு மேலேயே மிதிப்பது போல இருந்தது. அழுதுகொண்டே மிதித்தேன். நிறுத்தவில்லை. பெயர்த்த செங்கற்களைத் தேடி எடுத்து முன்னால் வைத்தேன். மண்ணைக் குவித்துக் கேட் பக்கம் சரித்துவிட்டேன்.

உள்ளே வந்தபோது சுவரில் கோடு மட்டும்தான் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. தரைத் தண்ணீரை இருட்டில் வாளி வாளியாக ஊற்றினோம். நான் ஊற்றினேன், அக்கா கட்டிலில் இருந்தபடியே டார்ச் அடித்து, "அந்த மூலை விட்டுட்ட, கட்டிலுக்குக் கீழ விட்டுட்ட" என்று திட்டினாள்.

நடுவில் ஒரு தரம், "உனக்கு இவ்வளவு பேச வரும்னு தெரியாம போச்சே" என்றாள்.

நவம்பர் 23, ஞாயிறு

அம்மா விடியற்காலையில் இடுப்பளவு நனைந்து வந்தாள். குழந்தையைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, பிறகுதான் ஐயாவைப் பற்றிச் சொன்னாள். இருக்கிறாராம். ஆனால் ராத்திரி மறுபடி ஏதோ ஆகி, டாக்டர்கள் ஓடி வந்தார்களாம். மரகதம்மாவை வெளியே நிற்கச் சொன்னார்களாம்.

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை.

மூட்டையை எடுக்கவில்லை. போய்ப் பார்த்தேன், தொட்டேன், திரும்பி வந்துவிட்டேன். அவர் வை என்றுதான் சொன்னார்.

நவம்பர் 24, திங்கள்

ஒரு செய்தியும் இல்லை. மழையும் இல்லை.

நவம்பர் 28, வெள்ளி

ஐயா வந்துவிட்டார். மெலிந்து, ஆள் பாதியாகிவிட்டார். காரிலிருந்து இறங்கியதும் மரகதம்மா மூலையைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"அது அங்கயே இருக்கட்டும்" என்றார் ஐயா.

"இருந்தா உங்களுக்கு..."

"ஆஸ்பத்திரியிலயே பேசியாச்சு மரகதம்."

மரகதம்மா உள்ளே போய் விளக்கேற்றிவிட்டு ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அம்மாவிடமும் பேசவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பயம் எனக்குத் தெரியும்.

டிசம்பர் 1, திங்கள்

மத்தியானம் மறுபடி மழை பிடித்தது. நான் கொடியிலிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினேன். ஐயா போர்டிகோவில் நாற்காலி போட்டு மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பூரணி, இங்க வா."

துணியோடு நின்றேன்.

"உள்ள தண்ணி வருதா?"

"இல்லைங்க ஐயா."

"குழந்தை?"

"தூங்குதுங்க. நேத்து தர்மாஸ்பத்திரில எடை பாத்தாங்க. ஏறியிருக்குன்னாங்க."

தலையை ஆட்டினார். கேட் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. மண்மேட்டையே பார்த்தார்.

"நீ உள்ள போகாத, கொஞ்சம் இரு. மழை வந்தா எனக்கு இப்பல்லாம் படபடன்னு வருது. அவகிட்ட சொன்னா உடனே அதை வெட்டி எடுத்துடுவா. அதான் சொல்லல."

"எனக்கும் படபடன்னுதாங்க வருது ஐயா" என்றேன். கேட்காமலே சொல்லிவிட்டேன்.

"உனக்கு எதுக்கு?"

"உங்களுக்கு எதாவது ஆயிடுமோன்னு."

ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சட்டைக் கையை மேலே ஏற்றி மணிக்கட்டை நீட்டினார். ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது.

"பாரு. அடிக்குதா?"

துணிகளை மடியில் இடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. அவரே என் விரலை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார். முதலில் என் விரல் நடுங்குவதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மெதுவாகத் தட்டுவது தெரிந்தது.

"அடிக்குதுங்க ஐயா."

"விட்டுடாத."

மழை நிற்கும் வரைக்கும் நான் விடவில்லை.